சீமை மண்ணில் போட்ட முளைப்பாரி

பூலோகம் அண்ணாச்சி சொன்னதை அப்படியே நம்பினால், அந்த மண்ணில் ஊசியை நட்டால் கடப்பாரை முளைக்கும். இந்தச் சேதி அரை நாளில் தாராவி முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியதும் அவரேதான்.

கப்பலில் வந்த மண். வெளிநாட்டிலிருந்து டிரம் டிரம்மாக இறங்கியதை, டிராம்பே பக்கத்துக் கோடவுனில் சாக்குக்கு மாற்றுவதுதான் அவருக்கு இந்த மாத வேலை. காகிதத்தில் உரமண் என்று போட்டிருந்ததாம். "மண்ணைப் போய் கப்பல்ல ஏத்தி அனுப்புதான்னா, அது எப்பேர்ப்பட்ட மண்ணா இருக்கணும்!" என்று இரண்டு சாக்கை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

மகள் முத்துமாரிக்காகத்தான். கல்யாணமாகி எட்டு வருசம் கழித்து இப்போது நாலு மாசம். அம்மன் கொடைக்கு முளைப்பாரி போடுவதாக நேர்ந்திருந்தாள். தாராவியில் மண்ணுக்கு எங்கே போக? வருசா வருசம் குயவர் சந்தில் கெஞ்சி வாங்குவதுதான். இந்த வருசம் ராஜ மண்! முத்துமாரி வெறுங்கையால் கட்டி உடைத்து, சாணம் சேர்த்துப் பிசைந்து, பதினோரு சட்டியில் நிரப்பினாள். பயறு தூவி, ஆம்பிளை காலே படக்கூடாத இருட்டறையில் வைத்தாள்.

மூணாம் நாள் முளை கண்டிருக்க வேணும். ஆறாம் நாளும் வெறும் சட்டிதான்.

"யாரோ தீட்டோட உள்ள போயிருக்கா" என்றார்கள் கும்மியடிக்க வந்த பெண்கள். யாரோ என்றது வாய்தான். கண்ணெல்லாம் முத்துமாரி மேல்.

தாய் பேராச்சி அவளைத் தனியே இழுத்தாள். "நெசத்தைச் சொல்லுட்டீ, விரதத்துல என்ன தப்புப் பண்ணுன?"

முத்துமாரி சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள். கை இரண்டிலும் கொப்புளம். அதுவும் ஆத்தாள் கோபம்தான் என்றாள்.

மறுநாள் கோடவுனில் லாரி டிரைவர் ஜெயினுலாப்தீனிடம் பூலோகம் கேலியாகக் கேட்டார். "என்ன பாய், உங்க சீமை மண்ணுக்கு நம்ம பயறு பிடிக்கலியாமே?"

அவர் சிரிக்கவில்லை. "வீட்டுக்கா கொண்டு போனீரு? பூச்சிமருந்து ஃபாக்டரி இருந்த எடத்து விஷமண்ணுவே அது! அவன் ஊர்ல கொட்ட விடமாட்டாங்கன்னு நம்ம தலையில தள்ளுதான். மூக்குல துணி கட்டாம நான் வண்டியே எடுக்கதில்ல."

பூலோகம் வீடு வந்து சேர்ந்தது அவருக்கே தெரியாது. செருப்போடு இருட்டறைக்குள் நுழைந்தார். பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

"எம்புள்ள மேல தப்பில்ல! மண்ணுல வெசம். நாந்தான் கொண்டாந்தேன்."

முத்துமாரியின் முகம் மெல்ல விரிந்தது. "அப்ப ஆத்தாளுக்கு எம்மேல கோவமில்லையாப்பா?"

"இல்லட்டீ."

சிரித்தாள். சிரித்தபடியே வயிற்றைத் தொடப்போன கையைப் பாதியில் நிறுத்தி, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பா... நான் பிசைஞ்சேனே. புள்ளைக்கு?"

பூலோகம் சட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கினார். சந்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சாக்கடையோரம் குழாயில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கே கொட்டுவதென்று தெரியாமல், கடைசிச் சட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் உட்கார்ந்துவிட்டார்.