தொண்ணூற்று நான்கு மைல்

பாரியின் வண்டி இந்த வருடமும் தேறவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கொல்லையில் என் கணவன் நெவிலின் சட்டைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே பாரியின் தலை எழும்பியது. விளக்கெண்ணெய் குடித்த முகம். ஒரு கையில் சோதனைக் காகிதம், இன்னொரு கையில் போன்.

"ஃபோர்க் சீல் கசியுதாம். ஸ்டியரிங் பேரிங் ஆடுதாம். பின் பிரேக் பத்தலையாம். போன வருஷம் ஹார்ன். ஹார்னுக்குப் போய் ஒரு மனுஷன ஃபெயில் பண்ணுவாங்களா டெனிஸ்?"

"சத்தம் வராத ஹார்ன வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற பாரி?"

"உங்காளோடது?"

"போன மாசமே பாஸ்."

"அட்வைசரி?"

"அதுவும் இல்ல."

அட்வைசரி என்பது, தேறிவிட்டாய், ஆனால் இதைக் கவனி என்று எழுதிக் கொடுக்கும் குறிப்பு. பழைய வண்டி என்றால் இரண்டு மூன்றாவது இருக்கும். நெவிலுடையதும் பாரியுடையதும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே 1997. தாழ்ந்த சீட்டும் அகன்ற கைப்பிடியும் உடம்பெல்லாம் குரோமுமாக, சோபாவில் சக்கரம் பூட்டியது போன்ற க்ரூஸர் பைக்குகள். நெவிலுடையது கறுப்பு, பாரியுடையது மெரூன். வேறு வித்தியாசம் கிடையாது. ஒன்று வருடாவருடம் எம்.ஓ.டி. என்கிற அரசாங்கத் தகுதிச் சோதனையில் முதல் தடவையே தேறும், மற்றது மூன்று தடவை போய் வரும்.

"இருபத்தாறு வயசு வண்டி, ஒரு குறிப்புகூட இல்ல!" என்றான் பாரி. "இருபத்தாறு வயசுல நானே அவ்வளவு சுத்தமா தேறியிருக்க மாட்டேன். அந்த கென்னத் உங்காளுக்கு மட்டும் கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடறான்னு நெனைக்கிறேன். இந்தா, நீயே பாரு."

போனைச் சுவருக்கு மேல் நீட்டினான். வண்டி நம்பரைத் தட்டினால் போதும், யாருடைய வண்டியின் சோதனை வரலாற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அரசாங்கமே திறந்து வைத்திருக்கிறது. நெவில் வண்டியின் பக்கத்தை வருடாவருடம் எடுத்துப் பார்ப்பேன் என்று வெட்கமில்லாமல் சொன்னான். பொறாமையில் எனக்குத் துணைக்கு ஒரு ஆள் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாஸ், பாஸ், பாஸ் என்று பச்சையில் இறங்கிக்கொண்டே போனது. பாரியின் கண்ணுக்கு அந்தப் பச்சைதான் தெரியும். நான் இருபத்திரண்டு வருடம் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் உட்கார்ந்தவள், என் கண் எண்ணுக்குத்தான் போகும். ஒவ்வொரு பச்சைக்குக் கீழேயும் சின்ன எழுத்தில், வண்டி அதுவரை எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று போட்டிருந்தது. கடைசி வருடத்திலிருந்து அதற்கு முந்தைய வருடத்தைக் கழித்தேன். தொண்ணூற்று நான்கு. தப்பாகக் கழித்துவிட்டேனோ என்று மறுபடி கழித்தேன். அதே தொண்ணூற்று நான்கு. அதற்கு முன்னால் தொண்ணூற்றொன்று. அதற்கு முன்னால் எண்பத்தெட்டு. ஒரு வருடம் என்றால் கொரோனா தலையில் போடலாம். ஐந்து வருடம் இப்படி. அதற்கும் முந்தைய வருடங்களில் இரண்டாயிரத்து நானூறு, இரண்டாயிரத்து அறுநூறு.

"பாத்தியா?" என்றான் பாரி.

"பாத்தேன்," என்றேன். சட்டைகள் நனைந்தபடி கூடையில் கிடந்தன. நான் உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, மழை கொட்டாத ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பதுக்கு நெவில் வண்டியை எடுப்பான். கிர்க்பி லான்ஸ்டேல் பாலத்துக்குப் போகிறேன் என்பான். வடக்கே இருக்கிற பைக்காரர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற இடம் அது. பேக்கன் ரொட்டி தின்றுவிட்டு, ஒருவர் வண்டியை ஒருவர் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். எங்கள் ஊரிலிருந்து போக வர எண்பது மைல். முப்பது ஞாயிறு என்றாலும் இரண்டாயிரத்து நானூறு வரவேண்டும். எங்கே போயிற்று மிச்சம்?

மைல் போன இடம் தெரியவில்லை. ஆனால் யாரிடம் போயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஷீனாவிடம்தான்.

ஷீனாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பாலத்துக்கு வருகிறவள். செட்பர் ஊர்ப் பக்கம், ஆட்டுப் பண்ணை, சிவப்பு வண்டி. சிரித்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பவன் திரும்பிப் பார்ப்பானாம். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் நெவில் வாயிலிருந்து அந்தப் பெயர் முதன்முதலாக விழுந்தது. அதுவரை அவன் கதைகளில் வந்தது எல்லாம் தொந்தி விழுந்த ஆம்பளைகள். அன்றைக்கு, ஷீனா என்று ஒருத்தி இங்கிள்டன் வளைவில் ஈர இலையில் சறுக்கி விழுந்துவிட்டாள் என்றான். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அதற்கப்புறம் பெரிய ரோட்டில் ஏறுகிற சந்திப்பு வந்தால் அவளுக்குக் கை நடுங்குகிறதாம், இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் அங்கேயே நிற்கிறாளாம். உருளைக்கிழங்கை முள்கரண்டியால் உருட்டிக்கொண்டே சொன்னான். என் சறுக்கலை, என் முட்டி வலியை அவன் என்றைக்காவது இவ்வளவு நேரம் பேசியிருக்கிறானா? எனக்கு வயிறு எரிந்தது.

"அப்ப வண்டிய வித்துட்டு பஸ்ல போகச் சொல்லு," என்றேன். "பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கு பைக்கு? ஆம்பளைங்க பரிதாபப்படணும்னு நடிக்கறா."

"இருக்கும்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டான். அதற்கப்புறமும் ஷீனா வந்துகொண்டுதான் இருந்தாள், மாதம் ஒருமுறையாவது. அவளுடைய நாய், அவள் விட்டுவிட்ட சிகரெட், அவள் பின்னிய தொப்பி. நான் முகம் கொடுத்துக் கேட்க மாட்டேன், ஆனால் ஒரு வார்த்தை விடாமல் மனதில் வைத்துக்கொள்வேன்.

பன்னிரண்டு மணிக்கு மூடுவதற்குள் கென்னத்தின் கராஜுக்குப் போனேன். இன்ஷூரன்ஸுக்கு வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, மைல் கணக்கு சரிதானா என்று கேட்டேன்.

"மீட்டர் காட்டறத எழுதறதுதான் என் வேலை," என்றான் கென்னத், கையைத் துடைத்துக்கொண்டே. "சும்மாவே நிக்கற வண்டின்னா பிரேக் இறுகிடும், டயர் வெடிக்கும், என்கிட்ட தேறாது. நெவில் வாரா வாரம் எடுக்கறான், ரெண்டு மைலாவது ஓட்டறான், தொடச்சு வைக்கறான். அதான் தேறுது."

"ரெண்டு மைலா?"

"நானே கேட்டேன், ஏன்பா தூரமா போறதில்லன்னு. உனக்கு முட்டி முடியல, உன்ன விட்டுட்டு ரொம்ப தூரம் போக மனசு வரலன்னான். நல்ல மனுஷன்." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னான். "ஒண்ணு சொல்லு அவன்கிட்ட. நல்லா சூடாகிற அளவுக்கு ஓட்டலேன்னா சைலன்சர் உள்ளேருந்து துருப்பிடிக்கும். என் கண்ணுக்குத் தெரியாது அது. வெளிய தெரியறதத்தான் நான் பாக்க முடியும்."

ஆகவே கராஜில் நான் நோயாளி. அங்கே ஷீனா ஆடு மேய்த்துக்கொண்டு கல்லுக்குண்டாக இருக்கிறாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். தொண்ணூறு மைல், முப்பது ஞாயிறு. ஞாயிற்றுக்கு மூன்று. போக ஒன்றரை, வர ஒன்றரை. அப்படியென்றால் செட்பரும் இல்லை, ஆட்டுப் பண்ணையும் இல்லை. என் வீட்டிலிருந்து ஒன்றரை மைலில், எங்கள் ஊருக்குள்ளேயே, ஐந்து வருடமாக ஒருத்தி இருக்கிறாள். நான் கல்லாவில் அவளுக்குப் பால் விற்றிருப்பேன். முப்பத்தெட்டு வருடக் கல்யாணம் நாளை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று நிச்சயமாகத் தோன்றியது. எந்த அலமாரி என்னுடையது, எது அவனுடையது என்றுகூடப் பிரித்துவிட்டேன்.

மறுநாள் அவன் கிளம்பிய கையோடு என் காரில் பின்னால் போனேன். ஒன்றரை மைலில், ஸ்கிப்டன் போகும் பெரிய ரோட்டில் ஏறுகிற சந்திப்புக்குப் பக்கத்தில், ஓரமாக வண்டியை நிறுத்தினான். நான் எதிரே இருந்த கார்ப்பெட் கடையின் வாசலில், வேன்களுக்கு நடுவே காரைச் செருகிக்கொண்டேன். ஞாயிறு என்பதால் கடை பூட்டியிருந்தது. வரட்டும் அவள், என்ன உடை, என்ன வயசு, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவன் வண்டியை விட்டு இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சந்திப்புவரைக்கும் மெல்ல உருட்டிக்கொண்டு போனான். இண்டிகேட்டர் மினுக்கத் தொடங்கியது. கார்கள் போயின. லாரி போனது. ரோடு காலியானது. அவன் போகவில்லை. ஐந்தாறு வண்டிகளில் பைக்காரர்கள் வடக்கே போனார்கள், போகிறபோது அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். அவனும் ஆட்டினான். ரோடு மறுபடி காலியானது. பதினேழு நிமிடம், காரின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு இண்டிகேட்டரை அணைத்துவிட்டு, காலால் தள்ளித் தள்ளி வண்டியைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினான். கையுறையைக் கழற்றி, இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஷீனா என்று ஒருத்தி கிடையவே கிடையாது. இங்கிள்டன் வளைவில் விழுந்தவள் அங்கே உட்கார்ந்திருந்தாள், என் கணவனின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு. விழுந்த அன்றைக்கே அவன் என்னிடம் சொல்லித்தான் இருக்கிறான், பெயரை மட்டும் மாற்றி. பயந்தாங்கொள்ளி, பஸ்ஸில் போ, நடிக்காதே என்று நான் பதிலும் சொல்லிவிட்டேன்.

மத்தியானம்வரை இரண்டு தடவை சந்திப்புக்குப் போய் இரண்டு தடவையும் திரும்பினான். மிச்ச நேரம் பிளாஸ்கில் டீ குடித்தான், குரோமைத் துடைத்தான். நான் காரில் அழுதேன். நிம்மதியாக அழுதிருக்கலாம். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அப்போதும் எனக்குப் பொறாமைதான் முன்னால் வந்தது. அந்த ஓரத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு நாய் கொடுத்திருக்கிறான், சிரிப்பு கொடுத்திருக்கிறான், கையால் ஒரு தொப்பி பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறான். கென்னத்திடம் எனக்கு ஒரு முட்டி வலியைக் கொடுத்ததோடு சரி.

அவன் மூன்றரைக்கு வருவதற்குள் வீட்டுக்கு வந்து கெட்டிலைப் போட்டேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"ஷீனா வந்தாளா?" என்றேன். அந்தப் பெயரை நானாக எடுத்தது அதுதான் முதல் தடவை.

"வந்தா."

"இன்னும் அந்தச் சந்திப்புல நிக்கறாளா?"

கயிற்றில் அவன் விரல் நின்றது. நிமிரவில்லை.

"நிக்கறா."

"அன்னிக்கு நான் சொன்னத அவகிட்ட சொன்னியா? வித்துட்டு பஸ்ல போன்னு."

"அப்பவே சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. நீ சொன்னது சரின்னு நெனச்சுட்டா போல."

கெட்டில் கொதித்து அணைந்தது. நான் எழுந்து போய் ஊற்றவில்லை.

"அது நான் வயித்தெரிச்சல்ல சொன்னதுன்னு சொல்லு. பின்னாடி ஒரு ஆள் உக்காந்து வந்தா அவளுக்குப் பயம் கொறையுமான்னும் கேளு."

என் புருஷனிடம் மன்னிப்புக் கேட்க அவள் வழியாகத்தான் போகவேண்டியிருக்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"எண்பது மைல்," என்றான். "முட்டி வலிக்கும்."

யாருடைய முட்டி என்று நான் கேட்கவில்லை.

அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டு, வண்டிக்கு உறை போட வேண்டும் என்று கொல்லைக்குப் போனான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உறையைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கட்டை மடங்கியே கிடந்தது, எத்தனை வருடமாகவோ. பூட்ஸ் நுனியால் அதைக் கீழே தள்ளினான். அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளினான். பிறகு உறையைப் புல்லில் போட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்து இழுக்கத் தொடங்கினான்.