தோலுக்கடியில் ஒரு சுண்டெலி

என் மனைவி இடது கைக்காரி. அகராதி அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரியும் அவள்தான். ஒரு சொல்லின் பூர்வீகத்தை நான் தப்பாகச் சொன்னால் வாயைத் திறந்து திட்ட மாட்டாள். இடது ஆள்காட்டி விரலால் மேசையில் டொக்கென்று ஒரு தட்டு. அந்தத் தட்டுக்குப் பயந்தே பாதி மொழிகளைக் கற்றுக்கொண்டேன். பக்கவாதம் வந்தபோது செயலிழந்துபோனதும் அந்தக் கைதான்.

"மசிலை இறுக்குங்கம்மா," என்றாள் பயிற்சி கொடுக்க வருகிற பெண்.

"மசில்னா என்ன தெரியுமா? சுண்டெலி," என்றாள் இவள்.

"எலியோ புலியோ, முதல்ல அசைங்க."

அசையவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு விரலாவது அசையணும் சார். நாளாக நாளாகக் கஷ்டம்."



மதியம். திரைச்சீலை அசையும்போதெல்லாம் வெளிச்சம் அறைக்குள் வந்து வந்து போனது. அவள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அந்தக் கையை நான்தான் தூக்கி மேசைமேல் வைத்திருந்தேன்.

"தூக்கம் கண்ணைச் சுத்துது. அந்த எலி எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லுங்க, கேட்டுக்கிட்டே தூங்கறேன்."

சொன்னேன். சொல்லச் சொல்ல என் கண்ணும் சொக்கியது. ஆங்கிலத்திலிருந்து புறப்பட்ட மசில் பிரெஞ்சு வீட்டுக்குள் நுழைந்து, பின்கட்டு வழியாக லத்தீன் வீட்டுக்கு ஓடியது. அங்கே அதன் பெயர் மஸ்குலுஸ், குட்டி எலி. கையை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரிதானே இருக்கிறது! இவள் தோலுக்கடியிலும் எங்கேயோ அது சுருண்டு படுத்திருக்கிறது. எழுந்திருடா ராசா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"அப்புறம்?" அவள் குரல் தூரத்திலிருந்து கேட்டது.

"கிரேக்கத்துலயும் எலிக்கும் மசிலுக்கும் ஒரே பேருதான். அங்கேருந்துதான் லத்தீன்காரன் வாங்கி..."

டொக்.

"வாங்கவும் இல்ல, விக்கவும் இல்ல," என்றாள் கண்ணை மூடியபடியே. "ரெண்டும் அக்கா தங்கச்சி. அதுக்கும் பழைய ஒரு தாய் வயித்துல பொறந்ததுங்க. மூஷிகமும் அந்தக் குடும்பந்தான். எத்தனை தடவை சொல்லி..."

பேச்சு நின்றது. அவள் கண்ணைத் திறந்தாள். இரண்டு பேரும் மேசையைப் பார்த்தோம். இடது ஆள்காட்டி விரல் இன்னும் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.

 

"இன்னொரு வார்த்தை சொல்லுங்க," என்றாள்.

"சரியாவா, தப்பாவா?"

"தப்பா."