ஐம்பத்தெட்டு டிகிரிதான்

"கைய எடுங்க, நான் பாத்துக்கறேன்..."

"இரும்மா, பென் டிரைவ்ல இருக்கறத இன்னொரு தடவ பிரிச்சா..."

"அஞ்சு தடவ பிரிச்சாச்சு! அஞ்சு தடவையும் அதையேதான் சொல்லுது, கோப்பு பழுதுன்னு..."

"சூடாயிருக்கும். கொஞ்சம் ஆற விட்டா..."

"அடுப்புல வெச்ச பாலா அது, ஆற விட?"

மணி பத்து இருபது. பதினொரு மணிக்கு கேம் கம்பெனிக்காரர்கள் வீடியோவில் கூப்பிடுவார்கள். மருத்துவமனை டோக்கன் கவுண்டரில் பகலெல்லாம் கத்திவிட்டு வந்து, மூன்று வருடமாகச் சாப்பாட்டு மேசை மூலையில் உட்கார்ந்து அவள் தனியாளாகக் கட்டிய கம்ப்யூட்டர் விளையாட்டை அவர்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வேலை. இல்லையென்றால் மறுபடி அந்தக் கவுண்டர்தான்.

அவள் புருஷன் ஏசி மெக்கானிக். குளிர்ச்சியாக வைத்தால் எந்த யந்திரமும் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது அவன் பதினைந்து வருடத்தில் கண்ட உண்மை. இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியோ இருப்பதிலேயே மலிவு. தனியாக கிராபிக்ஸ் கார்டு கிடையாது. படம் வரைகிற வேலையும் பிராசஸர் தலையிலேயே. அதற்கும் சேர்த்து மெமரிதான் ஓடி ஓடி எடுத்துக் கொடுக்க வேண்டும். அவளுடைய விளையாட்டில் ஒரு படகு ஆற்றில் போகும். மழை பிடித்ததும் பெட்டிக்கு மூச்சு வாங்கும். படகு விக்கி விக்கி நிற்கும். "அவங்க முன்னால இப்படி நின்னுதுன்னா மானம் போச்சு" என்று முந்தாநாள் அவள் சொன்னது அவனுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது.

நேற்று அவள் வேலைக்குப் போனதும் லீவு போட்டான். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து மெமரியின் வேகத்தைப் படிப்படியாக ஏற்றினான். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த விசிறியை உள்ளே திருப்பி வைத்தான். விளையாட்டை ஓட்டிப் பார்த்தான். திரையில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. படகு வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. சூடு ஐம்பத்தெட்டு டிகிரிதான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். டிஸ்க் நிரம்பிக் கிடப்பதைப் பார்த்தான். பாரத்தை இறக்கினால் இன்னும் பறக்குமே என்று, அவளுடைய வேலை மொத்தத்தையும் ஒரே கட்டாகச் சுருக்கிப் பென் டிரைவில் போட்டுவிட்டு, பெட்டியில் இருந்ததை அழித்தான்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது. "பென் டிரைவ்ல போட்டது ஸ்பீடு ஏத்தறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான்."

சொல்லிவிட்டு அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்தாள்.

"பின்னாடி."

"மெமரி தாங்குதான்னு சோதிச்சீங்களா?"

"சூடே இல்லையேம்மா! ஐம்பத்தெட்டு..."

"சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. துரத்தித் துரத்தி வேலை வாங்கினா அது கை நழுவும். ஆயிரத்துல ஒண்ணு தப்பா எடுத்துக் கொடுக்கும். படத்துல அது தெரியாது. கட்டு கட்டும்போது ஒரு இடத்துல தப்பினா மொத்தமும் குப்பை."

"ஏன்டா, விடியற்காலைலேருந்து அவளைப் போட்டு வறுத்தெடுக்கற?" உள்ளறையிலிருந்து அவன் அம்மா.

"நீ சும்மா இரும்மா!"

"நான் சும்மாதான் இருக்கேன். நீ இருந்தியா?"

அவன் வேகத்தைப் பழையபடி இறக்கி, பெட்டியை அணைத்துப் போட்டு, பென் டிரைவ் கட்டை ஆறாவது தடவை பிரித்துப் பார்த்தான். கோப்பு பழுது. வியர்வை கண்ணில் இறங்கியது. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற சிநேகிதனுக்குப் போன் போட்டான்.

"அழிச்சதை மீட்டுக் குடுப்பியா? எவ்வளவு நேரமானாலும் சரி."

"எஸ்.எஸ்.டி. டிஸ்க்காண்ணே? எப்ப அழிச்சீங்க?"

"நேத்து மத்தியானம்."

"அப்ப ஆசைய விட்டுடுங்க. அது அப்பவே தொடச்சுப் போட்டிருக்கும்."

போனைக் கவிழ்த்து வைத்தான். பத்து ஐம்பது.

"வேற எங்கயாவது வெச்சிருக்கியாம்மா? ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல? மெயில்ல?"

"போன வருஷத்தோடது ஒண்ணு மெயில்ல கிடக்கு. வெறும் ஆறு மட்டும் ஓடும். அப்ப படகே செய்யல."

"அவங்ககிட்ட நான் பேசறேன். தப்பு என்னோடதுன்னு சொல்றேன். ஒரு வாரம் டைம் கேக்கறேன். கால்ல வேணா விழறேன்."

"ஒரு வாரத்துல மூணு வருஷத்த செய்வேனா? என்னன்னு சொல்வீங்க? ஏசி மெக்கானிக்குங்க, பொண்டாட்டி படகை முழுங்கிட்டேனுங்கன்னா?"

சிரிப்பு மாதிரி ஏதோ அவள் தொண்டைவரை வந்து அழுகையாகிவிட்டது. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். மெயிலைத் திறந்து போன வருடத்து ஆற்றை இறக்கினாள். அவன் விசிறியை நிறுத்தப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். நாற்காலியின் பின்னால் போய், எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான்.

சரியாகப் பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. அவள் திரையைப் பகிர்ந்தாள். ஆறு ஓடியது. கரையில் நாலு மரம். மழை இல்லை. யாரும் இல்லை. ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், நல்ல மனுஷி போல, கனிவாகக் கேட்டது.

"தண்ணி ரொம்ப நல்லா வந்திருக்குங்க. இதெல்லாம் நீங்க ஒருத்தரேவா செஞ்சீங்க, இல்ல வீட்டுல யாராவது ஒத்தாசை பண்ணாங்களா?"