பெயருக்குப் பின்னால் இருந்த எண்

ஐஸ் பெட்டியின் ஒயர் எட்டவில்லை.

"இன்னுங் கொஞ்சம் இங்கிட்டு நகத்துங்கப்பா... சுவரை ஒட்டி... ம், போதும்" என்று சொல்லிக்கொண்டே தமிழ்செல்வன் மாமா குனிந்து பிளக்கைத் தேடினார்.

"கரண்டு போனாலும் ஓடுற பிளக்காப் பாத்துக் குடுங்கண்ணே. ரெண்டு நாளா இங்கிட்டுக் கரண்டு நிக்கவே மாட்டேங்குது" என்றான் பெட்டி கொண்டுவந்த ஆள்.

ஹாலில் இன்வெர்ட்டர் இணைப்பு உள்ள பிளக் ஒன்றுதான். டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால். அதில் ஏற்கெனவே எதுவோ சொருகியிருந்தது. மாமா பிடுங்கினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி ஒயரோடு கையில் வந்தது. அதன் ஓரத்தில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது. நாற்காலி, சோபா, டி.வி. என்று எல்லாவற்றையும் பின்னறைக்கு அள்ளிக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவரிடம் அதையும் கொடுத்தார்.

தேவிப்ரியா அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தது எதுவும் உள்ளே போகவில்லை.

பெட்டி உறும ஆரம்பித்தது. கண்ணாடிக்குள் ஐயனார் சவரம் செய்யாத கன்னத்தோடு படுத்திருந்தார். ஐம்பத்தொன்பது வயது. விடிகாலையில் எழுந்து, "நெஞ்சைக் கரிக்குது, கொஞ்சம் வெந்நி வை" என்றிருக்கிறார். வெந்நீரோடு அம்மா வருவதற்குள் முடிந்துவிட்டது. திருச்சியில் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கும் தேவிப்ரியா, கட்டிய சேலையோடு காரில் வந்து இறங்கியபோது மணி எட்டு.

கீரமங்கலம் கடைவீதியில் கீழே ரத்தப் பரிசோதனை லேப், மேலே வீடு. அப்பா ரத்தம் எடுத்துப் பார்ப்பார், அம்மா ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பாள். இருபத்திரண்டு வருடத்தில் லேப் பூட்டியிருந்த வேலை நாள் இதுதான் முதல்.

தலைமாட்டில் அம்மா பரிமளா. விடிந்ததிலிருந்து ஒரு சொல் பேசவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அப்பாவின் தங்கை சொர்ணம் அத்தை அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அழுதுரு மதினி. வாயை விட்டு அழுதுரு. அடச்சு வைக்காத."

அம்மா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணி வாக்கில் ஜொஹரா பீவி வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தபடி சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். மாடிப்படியையும் தேவிப்ரியாவையும் மாறி மாறிப் பார்த்தார். தேவிப்ரியாதான் பக்கத்தில் போனாள்.

"என்னம்மா?"

"இந்த நேரத்துல கேக்க நாக்கு வரமாட்டேங்குது புள்ள."

"பரவால்ல, சொல்லுங்க."

"எம்மக பாசிலா ஏழு மாசம் முழுகாம இருக்கா. டெங்குன்னு சேத்திருக்கோம். நேத்துச் சாயந்தரம் ரத்தம் எடுத்தது ஒங்கப்பாதான். காலையில வந்து ரிப்போர்ட்டு வாங்கிக்கங்கன்னு சொன்னாரு. இன்னிக்கு ஆஸ்பத்திரியிலயே எடுத்துப் பாத்ததுல பிளேட்லெட்டு தொண்ணூத்தாறாயிரமாம். நேத்து எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் ஏறுதா இறங்குதான்னு சொல்ல முடியும்ங்கிறாரு டாக்டரு. இறங்குதுன்னா புதுக்கோட்டைக்குக் கொண்டு போகணுமாம். பதினோரு மணிக்குள்ள சொல்லுங்கன்னு ஆம்புலன்ஸை நிப்பாட்டி வச்சிருக்காக. அந்த ஒடம்போட அவளைத் தூக்கிட்டு அலைய வேணாமேன்னுதான்..."

"இருங்க, எடுத்துட்டு வாறேன்."

சாவி எப்போதும்போல் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது.

லேபுக்குள் ஸ்பிரிட் வாசனை. அப்பா ஒவ்வொரு நாளும் கடைசியாகக் கீபோர்டைப் பஞ்சால் துடைத்து வைப்பார். நேற்றும் துடைத்திருந்தார். வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரைத் திறந்து, ரிப்போர்ட்டுகள் இருக்கும் இடத்தின் பெயரைத் தட்டினாள். இங்கிலீஷ் எழுத்தில், ஐயனார் டாட் லேப்.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது. ஐயனாரின் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் பச்சை விளக்கு அணைந்தது நினைவுக்கு வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் மே லீவில் அவள் செய்த வேலை அது. லேபில் நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து வைக்க ஒரு சர்வர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டு ரிப்போர்ட் தொலைந்துபோனதாக அப்பா வாரத்துக்கு ஒருமுறை திருச்சிக்குப் போன் பண்ணுவார். வீடியோக்களைப் பார்த்துப் பழகி, எண்களுக்குப் பதில் பெயர் வைத்தாள். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்வதற்காகவே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வாங்கி, கரண்டு போகாத இடம் என்று மாடி ஹாலில் வைத்தாள். பெயரைத் தட்டினால் கம்ப்யூட்டர் அந்தப் பெட்டியிடம் கேட்கும். பெட்டி எண்ணைச் சொல்லும்.

"சர்வருக்கு என்ன பேருப்பா வைக்க?"

"எல்லாருக்கும் படியளக்குறவன் அவன்தானே? எம்பேரையே வையி."

அம்மா அப்போது தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தது ஞாபகம் இருக்கிறது. கட்டிவந்த நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள் அம்மா. சாமிக்கும் அதே பெயர் என்பதால் குளமங்கலம் கோயிலைக்கூடக் குதிரைக்கோயில் என்றுதான் சொல்வாள். "ஒங்கம்மா சாமியையும் சேத்துத் தள்ளி வச்சிட்டா" என்பார் அப்பா.

போன தீபாவளிக்கு வந்தபோது அப்பா கேட்டார்: "இந்தப் பெட்டி ஒண்ணு நின்னுபோனா என்னம்மா பண்றது? இன்னொண்ணு வாங்கி வச்சிருவமா?"

"அதெல்லாம் நிக்காதுப்பா. யாரும் பிடுங்காம இருந்தாச் சரி. அடுத்த லீவுக்குப் பாப்போம்."

மாடிக்கு ஓடினாள். பின்னறையில் சோபாவின் மேல் நாற்காலி, நாற்காலியின் மேல் மெத்தை, அதன் மேல் டி.வி.

"மாமா, அந்தக் கறுப்புப் பெட்டி எங்க?"

"எது பாப்பா? சார்ஜரு மாதிரி இருந்துச்சே, அதுவா? எவன் கையில குடுத்தேன்னு தெரியலையே." மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குவியலுக்குள் கையை விட்டார். ஒரு டிபன் பாக்ஸ் வந்தது. ரிமோட் வந்தது. அது வரவில்லை.

மறுபடி கீழே வந்தாள். சர்வருக்குத் திரை கிடையாது. எண் தெரிந்தால் போதும், பெயரே வேண்டாம். ஆனால் எண்களை எழுதிய நோட்டு திருச்சியில், பூட்டிய வீட்டில். முதல் மூன்று பகுதி எல்லா மெஷினுக்கும் ஒன்றுதான். கடைசிப் பகுதி ஒன்றிலிருந்து இருநூற்று ஐம்பத்து நாலுக்குள் எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாகத் தட்டினாள். தவறான ஒவ்வோர் எண்ணுக்கும் திரை அரை நிமிடம் சுற்றிவிட்டுத்தான் கையை விரித்தது. இரண்டு. மூன்று. நாலு. பன்னிரண்டுக்கு வந்தபோது மணி பத்தே முக்கால்.

வெளியே சங்கு ஊதினார்கள். யாரோ நெருங்கிய உறவு வந்திருக்க வேண்டும். பெண்களின் அழுகை ஏறி அடங்கியது.

அவள் மேலே போய் ஜொஹரா பீவியின் முன்னால் குந்தினாள். 

"ரிப்போர்ட்டு உள்ள இருக்கும்மா. திறக்க முடியலை. பேரை வச்சுத் திறக்குற பெட்டியைக் காணோம். நம்பரு எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாரும் பேரைத்தானே போடுவோம்னு நான்..."

"சரி புள்ள, சரி. நீ என்ன பண்ணுவ? ஒங்கப்பனைப் பாத்துக்க." அவர் எழுந்து செருப்பைத் தேடினார். "ஆம்புலன்ஸுலயே அனுப்பிருவோம்."

"நூத்தித் தொண்ணூத்திரெண்டு."

யார் பேசியது என்று எல்லாரும் திரும்பினார்கள்.

"நூத்தியறுவத்தெட்டு. ஒண்ணு. நாப்பத்தேழு." அம்மா கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னாள்.

சொர்ணம் அத்தை நெஞ்சில் கை வைத்தாள். "ஆத்தாடி, புத்தி பெரண்டு போச்சே. என்ன மதினி எண்ணிக்கிட்டிருக்க? யாரு போன் நம்பரு?"

"அத்தை, சும்மா இருங்க." தேவிப்ரியா அம்மாவின் முகத்துக்கு நேரே போனாள். "ம்மா, கடைசி எவ்வளவு?"

"நாப்பத்தேழு."

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் அதைத்தானே தட்டுவேன்" என்றாள் அம்மா. கொஞ்சம் கழித்து, "மொத நாளே அவுக பிளாஸ்திரியில எழுதிக் குடுத்தாக. யாருட்டயும் சொல்லாதன்னாக" என்றாள்.

இரண்டு வருடம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது ரிப்போர்ட். ஒவ்வொரு தடவையும் அந்த எண். மகளுக்குத் தெரியாமல், அம்மா அந்தப் பெயரைத் தட்டாமலே இருவருமாகச் சமாளித்திருக்கிறார்கள்.

நாற்பத்தேழைத் தட்டியதும் பக்கம் ஒரு நொடியில் திறந்தது. பட்டியலின் கடைசி வரி, நேற்று மாலை ஆறு நாற்பது, பாசிலா. எண்பத்து நாலாயிரம். பிரிண்டர் தாளைத் தள்ளியது. அடியில் வழக்கம்போல, பரிசோதித்தவர் ஐயனார்.

ஜொஹரா பீவி படியிலேயே நின்று போனில் அதைப் படித்துச் சொன்னார். எதிர்முனையில் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தலையாட்டினார். போனை முக்காட்டுக்குள் வைத்தபோது கண்ணைத் துடைத்தார்.

"ஏறுதாம் புள்ள. இங்கயே வச்சுக்கலாம்னுட்டாரு." தாளை நாலாக மடித்தார். "அவளை ஒரு எட்டுப் பாத்துட்டு, எடுக்குறதுக்குள்ள வந்துர்றேன்."

சொன்னபடி வந்தார். மூன்று மணிக்கு எடுத்தார்கள். அதற்கு முன் மயானப் பதிவுக்கு எழுதிக்கொள்ள வந்தவர் அம்மாவிடம், "இறந்தவர் பேரும்மா?" என்று கேட்டார். அம்மா மகளைப் பார்த்தாள். தேவிப்ரியா சொன்னாள். நீர்மாலை எடுத்து வந்தபோதும் கோடித் துணி போட்டபோதும் அம்மா சொன்னதைச் செய்தாள். தேர் தெருமுனை திரும்பும்வரை வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். அழவில்லை என்று சொர்ணம் அத்தை போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பினார்கள். இட்லி பரிமாறிக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

"எங்க போற மதினி? பதினாறு நாளு வீட்டை விட்டு இறங்கக் கூடாது."

"கீழ இருக்குறதும் வீடுதான். முந்தாநாள் ரத்தம் குடுத்தவுக ரிப்போர்ட்டுக்கு வந்து நிப்பாக."

"அதை இவ பாக்க மாட்டாளா? ஊரு என்ன பேசும்?"

அம்மா படியிறங்கிவிட்டாள். அத்தை தேவிப்ரியாவைப் பார்த்தாள். தேவிப்ரியா சாம்பார் வாளியை அத்தை கையில் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

ஐஸ் பெட்டியை எடுத்துப் போன இடத்தில் தரை இன்னும் நீளவாக்கில் ஈரமாக இருந்தது. மாமாவும் அவளுமாகப் பொருட்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கு நகர்த்தினார்கள். சோபாவைத் தூக்கியபோது மெத்தை இடுக்கிலிருந்து கறுப்புப் பெட்டி தரையில் விழுந்தது.

"இந்தா கெடக்கு பாரு. நேத்து இங்கதானே கையை விட்டுத் துழாவுனேன்" என்றார் மாமா.

அதைத் துடைத்து, அதே பிளக்கில் சொருகினாள். பச்சை விளக்கு இரண்டு தடவை சிமிட்டி நின்று எரிந்தது. மாடிப்படியின் உச்சிக்கு வந்து கீழே குனிந்து சொன்னாள்.

"ம்மா, பெட்டி கெடச்சிருச்சு. மாட்டிட்டேன். இனிமே பேரைப் போட்டாலும் வரும்."

"ம்" என்றது கீழிருந்து.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இறங்கினாள். பாதிப் படியில் கீபோர்டின் சத்தம் கேட்டது. எண்கள். மழைத்துளி மாதிரி வேகமாக நாலைந்து விழுந்து, சட்டென்று நின்றன.

பிறகு அழிக்கிற சத்தம். ஒரே விசையின் மேல் திரும்பத் திரும்ப.

வெகுநேரம் எதுவும் இல்லை. வெளியே பூ மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது.

அப்புறம் ஒரு தட்டு. எழுத்தைத் தேடுகிற இடைவெளி. இன்னொரு தட்டு. தேவிப்ரியா எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு எழுத்து. ஒரு புள்ளி. மூன்று.

பிரிண்டர் ஓடத் தொடங்கும்வரை அவள் அடுத்த படியில் கால் வைக்கவில்லை.