கண்ணோரக் கோடுகள்

முதல் படம் திறந்ததுமே அஸ்கெருக்குத் தெரிந்துவிட்டது. டென்மார்க்கின் ஹோர்சென்ஸ் துறைமுகத்தில், காற்றுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கும் மனைவி வீபெக்கெவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அடுத்ததிலும் இல்லை. எழுபத்தோரு படங்களிலும் அவளுடைய கடைசிக் கோடைக்காலம் மொழுமொழுவென்று ஆகியிருந்தது.

இருவரும் இருபது வருடம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைப் படமெடுத்தவர்கள். பள்ளிக்கு நானூறு முகம். வெளிச்சம் கூட்டி, பருவை அழித்து, தோலை மிருதுவாக்கி, சேமித்து மூடி, மறுபடி அடுத்தது. மணிக்கட்டு வீங்கிப்போன ஓர் அக்டோபரில் அஸ்கெர் அத்தனையையும் ஒருமுறை செய்துகாட்டி ஃபோட்டோஷாப்பில் 'ஆக்‌ஷன்' ஆகப் பதிந்துவைத்தார். அதன்பின் ஃபோல்டரைக் காட்டினால் போதும். அவர் காப்பி குடித்து வருவதற்குள் முடிந்திருக்கும்.

"எல்லாப் பிள்ளையும் உரிச்ச முட்டை மாதிரி இருக்கு," என்பாள் வீபெக்கெ. "சேமிக்கிறத மட்டுமாவது அதுல சேக்காதயேன். மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ அந்த மூஞ்சியப் பாரு."

"நானூறு மூஞ்சியையும் பாத்துட்டிருந்தா கிறிஸ்துமஸ் வந்துடும்டி."

படம் எடுக்கிறவளை யாரும் எடுப்பதில்லை. நோய் முற்றிய அந்தக் கோடையில்தான் அவள் கேமராவுக்கு முன்னால் நின்றாள்.

வரும் சனிக்கிழமை அவளுக்கு அறுபது நிறைந்திருக்கும். கூடுகிறவர்களுக்குக் காட்டலாமென்று அஸ்கெர் அந்தப் படங்களை வேலைக் கணினிக்கு நகர்த்தினார். அவை ஒரு பள்ளியின் ஃபோல்டருக்குள் விழுந்ததைக் கவனிக்கவில்லை. பிள்ளைகள் வகுப்புவாரியாக இருப்பதால், உள்ளிருக்கும் ஃபோல்டர்களையும் சேர்த்துத் திருத்தும்படிதான் எப்போதும் வைத்திருப்பார். அந்தப் பள்ளிக்கு ஆக்‌ஷனை ஓடவிட்டபோது அவளுடைய படங்களும் திருத்தப்பட்டு, அசலின் மேலேயே சேமிக்கப்பட்டுவிட்டன. அவற்றை எடுத்த கேமரா கார்டிலும் இப்போது வேறு பள்ளிகளின் பிள்ளைகள் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்த மகள் சிக்னெ திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"அம்மா இருந்திருந்தா உன்ன உண்டு இல்லேன்னு ஆக்கியிருப்பா."

"தெரியும்."

"கையால திரும்பப் போட முடியாதா?"

அவர் கணினியில் வரையும் பேனாவை எடுத்தார். படத்தைப் பெரிதாக்கி வலது கண்ணோரம் வந்ததும் கை நின்றது. முப்பத்தைந்து வருடம் அந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அங்கே மூன்று கோடா, நான்கா? ஒன்றை இழுத்தார்.

"இன்னும் கீழப்பா."

"இல்லம்மா, இங்கதான்."

"சிரிச்சாத்தான் அங்க வரும். இதுல அவ சிரிக்கல."

"சிரிக்கிறாளே."

இருவரும் மறுபடி பார்த்தார்கள். உதடு லேசாகத் திறந்திருந்தது; அது சிரிப்புதானா என்று சொல்லக் கண்ணோரத்தில் எதுவும் இல்லை. கன்னத்தின் குறுக்கே காற்றில் பறந்த முடிக்கற்றை மட்டும், இழை இழையாக, அத்தனை தெளிவாக இருந்தது.