மூக்குக்குப் பழகிய மருந்து

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கசிகிறதா என்று பார்க்க எங்களிடம் இருந்த ஒரே கருவி மூக்குதான். வாசனை அடித்தால் குழாயை இறுக்குவோம். அடிக்காவிட்டால் எல்லாம் சரி. கள்ளக்குறிச்சியில் பத்துப் படுக்கை போட்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் இந்த லட்சணத்தில்தான் நர்ஸ் வேலை பார்த்தேன்.

நோயாளி வெளியே விடும் மூச்சில் வரும் மருந்து எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. அந்த மூடிய அறைக்குள்தான் போகும், எங்களுக்குள்தான் போகும். தலை வலித்தால் காபி குடித்தோம். எனக்கு இரண்டு முறை கரு கலைந்தபோது மாமியார் என் ஜாதகத்தைக் கிளறினார். மூன்றாவது உண்டான பிறகுதான், டாக்டர் மேஜையில் கிடந்த பழைய பத்திரிகை ஒன்றில், தியேட்டர் நர்சுகளுக்குக் கரு கலைவது அதிகம் என்று படித்தேன்.

டாக்டர் ராஜாங்கத்திடம் அதைச் சொல்லி, தியேட்டர் வேலை வேண்டாம் என்று கேட்டேன். சிரித்தார். நான் அழுத பிறகுதான் இறங்கிவந்தார். பிரசவம் வரை நான் வார்டில் இருக்கலாம். என் இடத்தில் லட்சுமியம்மாள் நிற்பார். அவர் திருநாவலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், பேரன் எடுத்தவர்.

மூன்று வாரம் வார்டில் இருந்தேன். எனக்கு நாலாம் மாதம் தொடங்கியது. என் தலைமுடியில் மருந்து வாசனை போய்விட்டது என்று என் கணவர் வெங்கடேசன் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

அப்போதுதான் எண்பத்தேழு செப்டம்பர் மறியல் வந்தது. எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டார்கள். வெங்கடேசனும் போய் உட்கார்ந்தார். கேட்டது நியாயம்தான், எனக்கு அதில் சண்டையில்லை. ஆனால் பஸ் நின்றது, லட்சுமியம்மாள் வரவில்லை.

இரண்டாம் நாள் கல்வராயன் மலையிலிருந்து குஞ்சம்மாள் என்ற பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார்.

"நீதான் வரணும் செல்வி. ஒரு மணி நேரம். வேற ஆள் யாரு இருக்கா?"

"ஜன்னலத் தொறந்து வெச்சா வரேங்க."

திறந்தோம். தெருவில் எரிந்த டயர் புகை முழுக்க உள்ளே வந்தது. வயிற்றைக் கிழித்து வைத்துக்கொண்டு புகையில் நிற்க முடியுமா? டாக்டர் மூடச் சொன்னார். நானேதான் மூடினேன்.

தலைமாட்டில் நின்று, மருந்தும் மூச்சும் கொடுக்கும் மெஷின் பையை அமுக்கினேன். மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த இனிப்பு வாசனை குப்பென்று அடித்தது. குழாய்களைத் தடவிப் பார்த்தேன், எதுவும் தளர்ந்திருக்கவில்லை. அரை மணியில் வாசனையே தெரியவில்லை.

"இப்ப வாசன வருதா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க."

"அப்புறம் இன்னா பயம்?"

பயமே அதுதான். அறையில் எதுவும் மாறவில்லை, என் மூக்குதான் பழகிவிட்டது. குஞ்சம்மாளை அப்படியே விட்டுவிட்டு ஓடவா முடியும்? ஒரு மணி நேரம் இரண்டாயிற்று. ஆண் பிள்ளை, நன்றாக அழுதது.

இரண்டு நாள் கழித்து எனக்கு உதிரம் கண்டது. அந்த இரண்டு மணி நேரமா, அதற்கு முந்தைய மாதங்களா, இரண்டுமே இல்லையா, எனக்குத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. ரத்தம் நிற்கவில்லை. மறியல் முடியாததால் விழுப்புரம் போய் ரத்தம் வாங்கிவர வண்டிக்கு வழியில்லை. என் உயிராவது தங்கட்டும் என்று டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்.

"நான் ரோட்ல உக்காந்துகினு இருந்தேனே" என்று வெங்கடேசன் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். அவரைத் தேற்ற எனக்குத் தெம்பில்லை.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். லட்சுமியம்மாள் வேலையை விட்டிருந்தார். தியேட்டருக்கு மணிமொழி என்று புதிதாக ஒருத்தியைப் போட்டிருந்தார்கள், கல்யாணமாகி ஒரு மாதம்தான். டாக்டர் என்னை உட்காரவைத்துக் கனிவாகத்தான் பேசினார்.

"இனிமே உனக்கு அந்த பயம் இல்லம்மா. தாராளமா உள்ள நிக்கலாம்."

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. எழுந்து தியேட்டருக்குள் போனேன். மெஷினில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்த மணிமொழியின் கையிலிருந்து புட்டியைப் பிடுங்கினேன்.

"நீ வார்டுக்குப் போ. இந்தக் கதவாண்ட வராத."

அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"இன்னாக்கா, நான் எதனா தப்பு பண்ணிட்டனா?"