கம்பம் பிடித்தவளின் வருகைப் பதிவு

அறிவிப்புப் பலகையில் என் எண்ணுக்கு நேரே அறுபத்தைந்து சதவீதம் என்று போட்டிருந்தது. நில அளவை செய்முறை வகுப்பு மொத்தம் நாற்பது நாள். நான் வந்தது இருபத்தாறு, வராதது பதினான்கு. எழுபத்தைந்து சதவீதம் இல்லாதவர்கள் இந்தப் பருவத்தில் எந்தப் பரீட்சையும் எழுத முடியாது. அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். முதல் வருடம் சேர்ந்த அன்றே விதிப் புத்தகம் ஒன்றைக் கையில் திணித்து, படித்துப் புரிந்துகொண்டேன் என்று கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். அதை யாரும் படிப்பதில்லை. பலகையைப் பார்த்த அன்றைக்குத்தான் நான் படித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வரத்தான் செய்யும். நாள் கணக்கில் வெயிலில் நின்றவளைப் பார்த்து நீ வரவே இல்லை என்றால் கொஞ்சவா தோன்றும்?

நடந்தது இதுதான். லெவல், அதாவது நிலத்தின் மேடு பள்ளம், எடுக்கும்போது ஒரு முனையில் முக்காலி போட்டு அதன் மேல் கருவியை வைப்பார்கள். நூறு மீட்டர் தள்ளி ஒருவர் நான்கு மீட்டர் உயரக் கம்பத்தை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கம்பத்தில் உள்ள எண்ணைக் கருவி வழியாகப் பார்த்து ஒருவர் சொல்ல, பக்கத்தில் இன்னொருவர் ஃபீல்டு புக்கில் எழுதுவார். எங்கள் குழுவில் ஆறு பேர். நான்தான் எல்லாரிலும் உயரம்; எனக்கு வைத்த பெயரே ஏணி. கம்பத்தை என் கையில் கொடுத்தால் அது சாயாது, நானும் முணுமுணுக்க மாட்டேன். அதனால் பல நாள் கம்பம் என் தலையில்தான் விழுந்தது.

பாடம் எடுக்கும் சாருக்கு நாங்கள் வைத்த பெயர் சைலன்ட். அவர் பேசினால் அவருக்கே கேட்குமா என்பது சந்தேகம். வேலை ஆரம்பித்து இருபது நிமிடம் கழித்து வருவார். முக்காலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, குனிந்த தலை நிமிராமல் பெயர் கூப்பிடுவார். குரல் வந்தால் டிக், வராவிட்டால் ஆப்சென்ட். நூறு மீட்டர் தள்ளி நிற்கிறவளுக்கு என்ன கேட்கும்? பக்கத்தில் நிற்கிற ஐந்து பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அடுத்தவருக்காகக் குரல் கொடுத்தால் ஒரு வாரம் சஸ்பெண்ட் என்பதும் விதிதான். போன பருவத்தில் இரண்டு பேர் அப்படி வெளியே போயிருந்தார்கள். கண்ணெதிரே நிற்கிறேனே, சார் பார்க்காமலா இருப்பார் என்று நானும் நம்பித் தொலைத்தேன். மாதா மாதம் பலகையில் ஒட்ட வேண்டிய பட்டியலைப் பருவ முடிவில்தான் ஒட்டினார்கள். முன்பே தெரிந்திருந்தால் முக்காலியிடம் ஓடிப்போய்க் கத்திவிட்டு வந்திருப்பேன்.

நேரே சாரிடம் போனேன்.

"நீ கம்பத்துல நின்னியா? இருக்கலாம்மா. ஆனா நான் கூப்பிட்டப்போ குரல் வரலையே" என்றார் அவர்.

"கேட்டாத்தானே சார் குரல் வரும்?"

"ரெஜிஸ்டர் மேல போயாச்சு. இனி நான் கை வைக்க முடியாது. ஹெச்ஓடியைப் பாரு."

கெட்டவர் இல்லை அவர். கெட்டவராக இருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

துறைத் தலைவரான ஹெச்ஓடி விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். "அறுபத்தஞ்சுல இருந்து எழுபத்தஞ்சு வரைக்கும் மெடிக்கல் சர்டிஃபிகேட் குடுத்தா மன்னிச்சு விடலாம். உடம்பு சரியில்லன்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வா. வெள்ளிக்கிழமை டீன் கமிட்டி உக்காருது. அப்பாவையும் கூட்டிட்டு வா. ரெண்டு நிமிஷ வேலை" என்றார்.

"எனக்கு உடம்பு நல்லாத்தான் சார் இருந்துச்சு."

"அதை எதுக்கு என்கிட்ட சொல்ற?" என்று சிரித்தார்.

என் அப்பா ஒரு சின்ன கிளினிக்கில் கம்பவுண்டர். சாயங்காலம் நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு மணி நேரத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையுமாகச் சீட்டு வந்துவிட்டது. எனக்குப் பதினான்கு நாள் டைஃபாய்டு என்று அதில் எழுதியிருந்தது.

"டைஃபாய்டா? எனக்கா?"

"ஏன், உனக்கு வரக்கூடாதா? ராசியான வியாதி அது, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"அப்பா, நான் வந்தேன். வந்த நாளைக்கு வரலன்னு நானே எழுதிக் குடுத்து, அதுக்கு மன்னிப்பும் கேக்கணுமா?"

"ஒரு வருஷம் போயிடும் பாப்பா. கொஞ்சம் வளைஞ்சு குடு. நீ புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நின்னா நஷ்டம் அவங்களுக்கு இல்ல."

"அது மூணு கால் முயல்தான். நான் எண்ணிப் பாத்துட்டேன்."

அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வருடம் போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தச் சீட்டைப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் எங்கள் குழுவில் ஃபீல்டு புக் எழுதுகிறவனைப் பிடித்தேன்; அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் பென்சில். அவன் எதையும் ஒழுங்காக எழுதுகிறவன், பயந்தாங்கொள்ளியும்கூட. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, கருவி பார்த்தவர் பெயர், கம்பம் பிடித்தவர் பெயர் எழுதியிருந்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் சைலன்ட் சாரின் கையெழுத்து. எனக்கு ஆப்சென்ட் போட்ட அதே தேதிகளில், என் பெயருக்குக் கீழே, அவரே போட்டது.

"இதைக் காட்டினா நம்ம எல்லார் மார்க்கும் மாட்டிக்கும் ஏணி" என்றான் பென்சில். "கம்பம் புடிச்ச ஆளே வரலன்னு ஆயிட்டா, நாம எடுத்த லெவல் எல்லாம் பொய்க் கணக்கு ஆயிடும்."

"அதைத்தான்டா நானும் சொல்லப் போறேன்."

அவன் முகம் வெளுத்தது. புத்தகத்தைக் கொஞ்ச நேரம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். பிறகு என் கையில் கொடுத்துவிட்டு, "கிழிக்காம திருப்பிக் குடு" என்றான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய வீரம்.

வெள்ளிக்கிழமை கமிட்டி அறையில் டீன், ஹெச்ஓடி, சைலன்ட் சார், எதிரே நானும் அப்பாவும். மேஜை மேல் வருகை ரெஜிஸ்டர். ஹெச்ஓடி அப்பாவிடம் கையை நீட்டினார்.

"சர்டிஃபிகேட் குடுங்க, முடிச்சிடலாம்."

அப்பா சட்டைப் பையைத் தொட்டார். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. மனதுக்குள் மட்டும், குடுக்காதீங்கப்பா, குடுக்காதீங்க என்று அடித்துக்கொண்டேன்.

"அவளுக்குக் காய்ச்சல் வரல சார்" என்றார் அப்பா. "தினமும் சாயங்காலம் முகமெல்லாம் மண்ணோட வருவா. அவ வந்தேன்னு சொன்னா வந்திருப்பா."

ஹெச்ஓடிக்கு முகம் சுண்டிவிட்டது. நான் ஃபீல்டு புக்கைத் திறந்து டீன் முன்னால் வைத்தேன்.

"இது வருகைப் பதிவு இல்லம்மா" என்றார் டீன்.

"சரி சார். அப்போ ரெஜிஸ்டர் சொல்றபடி நான் வரல. வராத ஆள் கம்பம் புடிக்க முடியாது. கம்பம் தானா நிக்காது. அப்படின்னா என் பேர் போட்ட பக்கத்துல எல்லாம் இருக்கிற லெவல் பொய். எங்க ஆறு பேர் மார்க்கையும் அடிச்சிடுங்க. பொய்க் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டது யாருன்னும் எழுதிடுங்க."

டீன் புத்தகத்தை ஹெச்ஓடி பக்கம் நகர்த்தினார்.

ஹெச்ஓடி பக்கங்களை எண்ணினார். "ஆப்சென்ட் பதினாலு. இங்க உன் பேரு பதினோரு பக்கத்துலதான் இருக்கு. மிச்சம் மூணு?"

"அந்த மூணு நாள் நான் வரல சார். தூங்கிட்டேன்."

டீன் முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சைலன்ட் சார் பக்கம் திரும்பினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"அன்னிக்குக் கம்பம் புடிச்சது யாரு?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "இந்தப் பொண்ணுதான்" என்றார் கடைசியில், எல்லாருக்கும் கேட்கும்படி.

"திருத்துங்க" என்றார் டீன்.

சார் ரெஜிஸ்டரை இழுத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தார். நான் தேதி படித்தேன். அவர் ஆப்சென்ட்டை அடித்து, வந்திருந்தார் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஹெச்ஓடி கையை நீட்டித் தடுத்தார்.

"போதும். முப்பது ஆயிடுச்சு, எழுபத்தஞ்சு வந்தாச்சு. நீ பரீட்சை எழுதலாம், கெளம்பு."

சார் பேனாவை மூடினார். டீன் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா நிம்மதியில் பெருமூச்சு விட்டு, கும்பிட்டபடி எழுந்துகொண்டார். "வா பாப்பா" என்று என் தோளைத் தொட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. ஃபீல்டு புக்கில் ஐந்தாவது தேதியின் பக்கத்தைத் திருப்பினேன்.

"இன்னும் ஏழு நாள் இருக்கு சார்."

"அதான் எழுதலாம்னு சொல்லியாச்சே! இன்னும் என்ன வேணும் உனக்கு?" ஹெச்ஓடி மேஜையைத் தட்டினார்.

"பரீட்சை எழுத விடுங்கன்னு கேக்க நான் வரல சார். அந்த ஏழு நாளும் நான் அங்கதான் நின்னேன்."

அப்பா மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சைலன்ட் சார் டீனையும் கேட்கவில்லை, ஹெச்ஓடியையும் பார்க்கவில்லை. பேனாவை மறுபடி திறந்தார்.

"அடுத்த தேதி சொல்லும்மா" என்றார்.